அந்தக் கொஞ்சம் பார்வையைப் பழக்குவது எப்படி: பார்வைக் குறைபாடுள்ள சிறு குழந்தைகளின் வீட்டாருக்கு ஒரு வழிகாட்டி

கண் மருத்துவரைப் பார்த்துவிட்டு வரும் பெற்றோரிடம் "என்ன சொன்னார்கள்?" என்று கேட்டால், "கொஞ்சம் பார்வை இருக்குதாம்" என்ற பதிலைத்தான் நான் அதிகம் கேட்டிருக்கிறேன். அந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள். பிறந்ததிலிருந்து ஐந்து வயது வரையிலான குழந்தைகளை வளர்க்கும் தாய் தந்தையர், தாத்தா பாட்டியர், அங்கன்வாடிப் பணியாளர்கள், புதிதாகப் பணியில் சேர்ந்த சிறப்பாசிரியர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து, வேலூரைச் சுற்றியுள்ள ஊர்களில் இக்குழந்தைகளின் வீடுகளுக்குச் சென்று கற்றுக்கொண்டவற்றை எழுதுகிறேன்.

பார்ப்பது கண்ணின் வேலை மட்டும் அன்று. கண் அனுப்புவதை மூளை பிரித்தறியக் கற்றுக்கொள்ள வேண்டும். அந்தக் கற்றலின் பெரும்பகுதி வாழ்வின் முதல் சில ஆண்டுகளில் நடக்கிறது. 1960களில் டேவிட் ஹூபல், டார்ஸ்டன் வீசல் என்ற இரு அறிவியலாளர்கள் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணைப் பிறந்த சில வாரங்களில் மூடி வைத்துப் பின்னர் திறந்து பார்த்தார்கள். கண் கெடாமல் இருந்தும், மூளை அந்தக் கண் அனுப்பியதை ஏற்கும் திறனைப் பெருமளவு இழந்திருந்தது. இவர்களுக்கு 1981இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. எஞ்சிய பார்வையைச் சிறுவயதிலேயே பழக்க வேண்டும் என்று நாம் வற்புறுத்துவதற்கு அடிப்படை இதுதான்.

ஆயினும் "கண்ணுக்கு அதிகம் வேலை கொடுத்தால் இருக்கிற பார்வையும் போய்விடும்" என்ற அச்சம் பல வீடுகளில் இருக்கிறது. இது நம் ஊரில் மட்டும் பிறந்த அச்சம் அன்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மேலை நாடுகளில், குறைபார்வையுள்ள குழந்தைகள் கண்ணைக் குறைவாகப் பயன்படுத்துவதற்கென்றே பார்வைக் காப்பு வகுப்புகள் நடத்தப்பட்டன. 1964இல் அமெரிக்கக் கல்வியாளர் நடாலி பராகா தம் ஆய்வில், குறைபார்வைக் குழந்தைகளுக்கு முறையாகப் பயிற்சி அளித்தால், கண்ணின் கூர்மை அளவு மாறாமலேயே பார்வையைப் பயன்படுத்தும் திறன் கூடுகிறது என்று காட்டினார். பயன்படுத்துவதால் பார்வை தேய்வதில்லை. பயன்படுத்தாமல் விட்டால்தான், கிடைத்திருக்கக்கூடிய அளவுகூடக் கிடைக்காமல் போகிறது.

அதே வேளையில், பயிற்சியால் விழித்திரை குணமாகாது, சுருங்கிய பார்வை நரம்பு மீண்டும் வளராது என்பதையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். "ஆறே மாதத்தில் பார்வை வரும்" என்று சொல்லிப் பணம் கேட்பவர்களிடம் பெற்றோர் ஏமாறுவதைக் கண்டிருக்கிறேன். நாம் வளர்ப்பது, இருக்கும் பார்வையைக் குழந்தை தானாக நாடிப் பயன்படுத்தும் பழக்கத்தை.

மருத்துவம் முதலில்

பயிற்சி தொடங்கும் முன், சரிசெய்யக்கூடிய கோளாறு எதுவும் இல்லை என்பது உறுதியாக வேண்டும். பிறவிக் கண்புரையை முதல் சில வாரங்களிலேயே கண்டறிந்து அறுவை செய்தால் கிடைக்கும் பலன், இரண்டு வயதில் செய்தால் கிடைக்காது. கண்ணின் கருமணிக்குள் பூனைக்கண் போல வெள்ளையாக மின்னினால் ஒரு வாரம்கூடத் தாமதிக்கக் கூடாது. அது புரையாக இருக்கலாம், உயிருக்கே ஆபத்தான விழித்திரைப் புற்றுநோயாகவும் இருக்கலாம். கருவிழி வழக்கத்துக்கு மாறாகப் பெரிதாகவும் மங்கலாகவும் இருப்பது, வெளிச்சத்தில் கண்ணைத் திறக்கவே முடியாமல் நீர் வடிவது, மூன்று மாதமாகியும் தாயின் முகத்தைப் பார்க்காதது, கண்கள் ஓயாமல் ஆடிக்கொண்டே இருப்பது ஆகியவையும் உடனே காட்ட வேண்டியவை. மாறுகண்ணை அதிர்ஷ்டம் என்று எண்ணி விட்டுவிடுவது நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. அந்த எண்ணத்தால் ஒரு கண்ணின் பார்வையே மங்கிப்போகலாம்.

குறைமாதத்தில் பிறந்து "பெட்டியில் வைத்திருந்த" குழந்தைகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். 34 வாரங்களுக்கு முன்பு பிறந்தவர்களுக்கும் 2 கிலோவுக்குக் குறைந்த எடையில் பிறந்தவர்களுக்கும், பிறந்து 30 நாட்களுக்குள் விழித்திரைப் பரிசோதனை நடந்தாக வேண்டும். மிகவும் முன்கூட்டியே பிறந்த குழந்தைகளுக்கு இன்னும் சில நாட்கள் முந்தியே செய்ய வேண்டும். வெளியிலிருந்து பார்க்கும்போது கண் அழகாகத்தான் இருக்கும். கோளாறு உள்ளே விழித்திரையில் வளர்ந்துகொண்டிருக்கும். ஆகவே "கண்ணு நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லி அந்தத் தேதியைத் தவறவிடக் கூடாது. கண்ணில் தாய்ப்பால், பச்சிலைச் சாறு, எண்ணெய் போன்றவற்றை விடுவதையும் நிறுத்த வேண்டும். கருவிழியில் புண் வந்து பார்வை கெடுவதற்கு அது காரணமாகிவிடும். ஒன்பதாம் மாதத்தில் தட்டம்மை ரூபெல்லா தடுப்பூசியுடன் தொடங்கி ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஐந்து வயது வரை கொடுக்கப்படும் வைட்டமின் ஏ திரவத்தைத் தவறாமல் கொடுக்க வேண்டும்.

வேலூரில் இதற்கான இடங்கள் தொலைவில் இல்லை. ஆரணி சாலையில் உள்ள ஷெல் கண் மருத்துவமனை, சி.எம்.சி. எனப்படும் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் கண் பிரிவு. ஐடா ஸ்கடர் அம்மையார் 1902இல் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமாகத் தொடங்கிய மேரி டேபர் ஷெல் மருத்துவமனை இருந்த இடம் அது. அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி, மருத்துவக் குழுவினர் ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிகளுக்கு வந்து குழந்தைகளைப் பரிசோதித்து, தேவைப்படுவோரை மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்புகிறார்கள். அந்தக் குழு வரும் நாளில் குழந்தையை வீட்டில் வைத்துக்கொள்ளாமல் அங்கன்வாடிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். வெளியார் முன்னிலையில் சங்கடம் என்று அன்றைக்கு மட்டும் குழந்தையை அனுப்பாத வீடுகள் இருக்கின்றன.

மருத்துவரிடம் நோயின் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு வராமல், ஐந்து கேள்விகளுக்கு விடை வாங்கி ஒரு நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். குறை கண்ணிலா, மூளையிலா? எந்தப் பக்கம், எந்த அளவு பரப்பு தெரிகிறது? குழந்தைக்கு வெளிச்சம் கூடுதலாக வேண்டுமா, குறைவாக வேண்டுமா? கண்ணாடி தேவையா? இந்த நிலை இப்படியே நிற்குமா, வயது ஏற ஏற மாறுமா? பின்னால் சொல்லப்போகும் பயிற்சிகள் அனைத்தும் இந்த ஐந்து விடைகளைப் பொறுத்தே குழந்தைக்குக் குழந்தை மாறும்.

கண்ணாடி எழுதிக்கொடுத்திருந்தால் முதல் பயிற்சியே அதை அணியச் செய்வதுதான். புரை அறுவைக்குப் பிறகு கொடுக்கப்படும் தடித்த கண்ணாடி, எடுத்துவிட்ட கண் வில்லையின் இடத்தில் நிற்பது. அதைக் கழற்றினால் குழந்தையின் உலகம் மங்கிவிடும். தலைக்குப் பின்னால் எலாஸ்டிக் பட்டை வைத்துக் கட்டி, பால் குடிக்கும் நேரம், விளையாடும் நேரம் என்று குழந்தைக்குப் பிடித்த வேளைகளில் தொடங்கி நேரத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். "இவ்வளவு சின்னப் பிள்ளைக்குக் கண்ணாடியா" என்று உறவினர் கேட்பார்கள் என்பதற்காக விசேஷ வீடுகளில் கழற்றி வைப்பது குழந்தைக்குச் செய்யும் பெரிய தீங்கு.

ஒரு வாரம் கவனித்தல்

அடுத்த படி, எதையும் கற்றுக்கொடுக்காமல் ஒரு வாரம் குழந்தையைக் கவனிப்பது. புதிதாக வருவோர் இதைத் தாண்டிவிட்டு நேராக டார்ச் லைட்டை எடுத்துவிடுகிறார்கள். என் அனுபவத்தில் இந்த ஒரு வாரம் கற்றுத் தருவதை எந்தப் பரிசோதனை அட்டையும் தருவதில்லை.

குழந்தை எதைப் பார்த்தது, அது எந்த நிறம், எவ்வளவு தூரத்தில் இருந்தது, எந்தப் பக்கம் இருந்தது, அசைந்ததா அசையாமல் இருந்ததா, அப்போது வெளிச்சம் எப்படி, சத்தம் இருந்ததா, குழந்தை பசியோடிருந்ததா, தூங்கி எழுந்திருந்ததா என்பனவற்றை அன்றன்றே எழுத வேண்டும். குடியாத்தம் பக்கத்தில் ஒரு வீட்டில், ஒன்றரை வயதுப் பையன் டியூப் லைட்டை மட்டுமே பார்ப்பான், வேறெதையும் பார்க்க மாட்டான் என்று வீட்டார் உறுதியாகச் சொன்னார்கள். நான்காம் நாள் அவனுடைய அம்மா நோட்டில் எழுதியிருந்த குறிப்பு இது: தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு இடுப்பில் குடத்தோடு வாசலில் நுழையும்போதெல்லாம், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பையன் தலையைத் திருப்புகிறான், பச்சைக் குடமாக இருந்தால் திரும்புவதில்லை, ஆரஞ்சுக் குடமாக இருந்தால் திரும்புகிறான். நிறம், அசைவு, தூரம், பக்கம் ஆகிய நான்கும் அந்த ஒரு குறிப்பில் கிடைத்துவிட்டன. அவனுக்கான பயிற்சி ஆரஞ்சுக் குடத்திலிருந்துதான் தொடங்கியது.

கவனிக்கும்போது சில செயல்களைத் திருத்தாமல் விட வேண்டும். கண் ஆடும் குழந்தைகளில் பலர், எந்தக் கோணத்தில் ஆட்டம் குறைகிறதோ அந்தக் கோணத்துக்குத் தலையைச் சாய்த்துப் பார்ப்பார்கள். மையப் பார்வை கெட்ட குழந்தை, பொருளுக்குப் பக்கத்தில் பார்ப்பதுபோல் தோன்றினாலும், தன் ஓரப் பார்வையால் அந்தப் பொருளைத்தான் பார்க்கிறது. நான் இந்த வேலைக்கு வந்த புதிதில், தலையைச் சாய்த்த ஒரு பெண் குழந்தையின் முகத்தை ஒவ்வொரு முறையும் இரு கைகளாலும் பிடித்து நேராக்கிக்கொண்டிருந்தேன். அவள் தானே கண்டுபிடித்திருந்த நல்ல பார்வையை நான் பல வாரங்கள் கெடுத்துக்கொண்டிருந்தேன் என்பது பின்னர்தான் புரிந்தது. சாய்வு நிலையாக இருந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். "நேராகப் பார்" என்று குழந்தையை அதட்டக் கூடாது. அதேபோல் பொருளை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்ப்பதாலும் கண் கெடாது. அருகில் கொண்டுபோனால் பொருள் பெரிதாகத் தெரிகிறது என்பதைக் குழந்தை தானே கண்டுகொண்டிருக்கிறது.

விரலால் கண்ணை அழுத்திக்கொண்டே இருப்பது வேறு வகை. விழித்திரைக் கோளாறுள்ள சில குழந்தைகள், அழுத்தும்போது உண்டாகும் ஒளிப்பொறிக்காக அப்படிச் செய்கிறார்கள். அடித்தோ கையைக் கட்டியோ அதை நிறுத்த முடியாது. அந்தக் கைக்கு வேறு வேலை கொடுக்க வேண்டும்: பிடித்து அமுக்கும் பந்து, கிலுகிலுப்பை, மாவு உருண்டை, எதுவானாலும் சரி. குழந்தை வேலையில்லாமல் இருக்கும் நேரம் குறையக் குறைய, அழுத்துவதும் குறையும்.

வெளிச்சமும் இடமும்

குழந்தையின் முதுகுக்கும் கழுத்துக்கும் நல்ல பிடிப்பு இருக்க வேண்டும். விழுந்துவிடாமல் தன்னைத் தாங்கிக்கொள்வதிலேயே முழுக் கவனமும் போய்விட்டால், பார்ப்பதற்கு மீதம் எதுவும் இருக்காது. தாயின் மடியில் முதுகைச் சாய்த்து உட்கார வைக்கலாம். சுவர் மூலையில் தலையணைகளை அண்டக் கொடுத்து உட்கார வைக்கலாம். சுருட்டிய போர்வையின் மேல் மார்பைச் சாய்த்துக் குப்புறப் படுக்க வைக்கலாம்.

வெளிச்சம் குழந்தையின் பின்னாலிருந்தோ பக்கத்திலிருந்தோ வந்து, பார்க்க வேண்டிய பொருளின் மேல் விழ வேண்டும். நாம் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகவே செய்கிறோம்: சன்னலுக்கு முன் நாம் நின்றுகொண்டு குழந்தையைக் கூப்பிடுகிறோம், நம் முகம் அதற்குக் கறுப்பு நிழலாகத் தெரிகிறது. மல்லாந்து படுத்திருக்கும் குழந்தைக்கு நேர் மேலே டியூப் லைட் எரிந்தால், அது நாள் முழுவதும் அதையே பார்த்துக்கொண்டிருக்கும். தூளியை இடம் மாற்றிக் கட்டினால் போதும். தோலும் முடியும் வெளுத்த நிறக்குறைக் குழந்தைகளுக்கும், கருவிழிப்படலம் இல்லாமல் பிறந்தவர்களுக்கும் அதிக வெளிச்சம் வலியைத் தரும். வேலூர் வெயிலில் இவர்களை விளிம்புள்ள தொப்பியோ குடையோ இல்லாமல் வெளியே அழைத்துச் செல்வது கூடாது. மருத்துவர் பரிந்துரைத்தால் நிறக் கண்ணாடியும் அணிவிக்க வேண்டும். மாலைக்கண் உள்ள விழித்திரை நோய்க் குழந்தைகளுக்கோ கூடுதல் வெளிச்சம் வேண்டும். ஒரு குழந்தைக்குச் சரியாக இருந்ததை அப்படியே இன்னொரு குழந்தைக்குச் செய்யக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

பின்னணி வெறுமையாக இருக்க வேண்டும். பூப்போட்ட பாயின் மேல் வைத்த பொம்மை அந்தப் பூக்களில் மறைந்துவிடும். ஒன்றரை மீட்டர் கறுப்புத் துணி வாங்கி விரித்தால் போதும்; இதைவிட அதிகம் பயன்படும் பயிற்சிப் பொருளை நான் கண்டதில்லை. தொலைக்காட்சியை நிறுத்திவிட வேண்டும். குழந்தை தூங்கி எழுந்து, வயிறு நிறைந்து, தெளிவாக இருக்கும் ஐந்து நிமிடத்தைப் பயன்படுத்த வேண்டும். அந்த ஐந்து நிமிடம் நாளுக்கு ஆறேழு முறை வந்தால், ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் உட்கார வைப்பதைவிடப் பலன் அதிகம்.

பார்க்கப் பழக்கும் வரிசை

பார்வை வளரும் இயல்பான வரிசையையே நாம் பின்பற்றுகிறோம். வெளிச்சம் இருப்பதை உணர்வது, ஒன்றின் மேல் கண்ணை நிறுத்துவது, அது நகரும்போது பின்தொடர்வது, கையை நீட்டி எடுப்பது, பழகியதை அடையாளம் காண்பது, படத்தைப் பொருளோடு பொருத்துவது என்று அது ஏறிச் செல்லும். எந்தப் படியில் குழந்தை நிற்கிறது என்பதை உங்கள் ஒரு வார நோட்டே காட்டிவிடும். அந்தப் படியிலிருந்து தொடங்க வேண்டும்.

வெளிச்சத்தை மட்டும் உணரும் குழந்தைக்கு, மங்கலான அறையில் சிவப்பு அல்லது மஞ்சள் கண்ணாடித் தாள் சுற்றிய டார்ச் லைட்டை ஒரு பக்கமாகக் காட்டி, தலை திரும்புகிறதா என்று பார்க்கலாம். வெளிச்சத்தை நேராகக் கண்ணுக்குள் அடிக்கக் கூடாது. லேசர் விளக்குகள் அறவே கூடாது. வலிப்பு உள்ள குழந்தைகளுக்கு மின்னி மின்னி எரியும் சீரியல் பல்புகளை மருத்துவரைக் கேட்காமல் காட்டக் கூடாது. குழந்தை வெளிச்சத்தைக் கண்டுகொண்டதும், டார்ச்சை ஒரு பளபளப்பான பொருளின் மேல் திருப்பிவிட வேண்டும். கவிழ்த்த எவர்சில்வர் சொம்பு, ஜிகினாத் தாள், வளையல் போன்றவை இதற்கு உதவும். நாம் வளர்க்க நினைப்பது பொருளைப் பார்க்கும் பழக்கத்தை. விளக்கிலேயே நின்றுவிட்டால், விளக்கையே வெறித்துப் பார்க்கும் குழந்தையைத்தான் உருவாக்குவோம்.

கண்ணை நிறுத்துவதற்கு முதல் பொருள் தாயின் முகம். பிறந்த குழந்தைக்கு இயல்பாகவே 20 முதல் 30 சென்டிமீட்டர் வரைதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். பால் கொடுக்கும்போது தாயின் முகம் இருக்கும் தூரம் அது. குறைபார்வைக் குழந்தைக்கு இன்னும் அருகில் போக வேண்டியிருக்கும். நெற்றியில் பெரிய சிவப்புப் பொட்டு வைத்துக்கொள்வது, முகத்தைச் சுற்றிக் கறுப்புத் துப்பட்டா போட்டுக்கொள்வது, முகத்தில் பக்கவாட்டு வெளிச்சம் விழும்படி உட்காருவது ஆகியவை குழந்தைக்கு முகத்தைத் தேடித் தரும். முதலில் பேசாமல் முகத்தைக் காட்ட வேண்டும்; குழந்தை பார்த்த பிறகு பேச வேண்டும். எப்போதும் குரலை முன்னால் கொடுத்தால், குழந்தை காதாலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளும்.

இங்கே இக்கட்டுரையில் நான் மிக முக்கியம் என்று கருதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பொருளைக் காட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். நாம் ஒரு நொடியில் பார்ப்பதை, இக்குழந்தை பார்க்கப் பத்து நொடி ஆகலாம், முப்பது நொடியும் ஆகலாம். நாமோ இரண்டு நொடியில் பொருளை ஆட்டுகிறோம், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம், அடுத்த பொம்மையை எடுக்கிறோம். குழந்தையின் மூளை முதல் பொருளைத் தேடத் தொடங்கும் நேரத்தில் அந்தப் பொருளே அங்கே இருப்பதில்லை. ஒன்றிலிருந்து இருபது வரை மனத்துக்குள் மெதுவாக எண்ணிப் பழகினால், "இவன் எதையுமே பார்ப்பதில்லை" என்று ஒதுக்கப்பட்ட பல குழந்தைகள் பார்ப்பதை நீங்களே காண்பீர்கள்.

கண் நிலைத்த பிறகு, பொருளை மெதுவாக இடமிருந்து வலமாக நகர்த்த வேண்டும். அது வந்த பிறகே மேலும் கீழும், அதற்கும் பிறகு வட்டமாக. பின்தொடர்தல் அறுந்துபோனால், அறுந்த இடத்துக்கே பொருளைக் கொண்டுவந்து மறுபடியும் காத்திருக்க வேண்டும்.

கை நீட்டுவதற்கு, பொருள் எப்போதும் அதே இடத்தில் இருக்கும் ஏற்பாடு தேவை. டென்மார்க்கைச் சேர்ந்த லில்லி நீல்சன் என்ற ஆசிரியை, பார்வையற்ற கைக்குழந்தைகளுக்காகப் பொருள்கள் தொங்கும் சிறு பெட்டி அறை ஒன்றை வடிவமைத்தார். குழந்தை தற்செயலாகக் கையை அசைத்தாலும் ஏதாவது ஒன்று படும், ஒலிக்கும். அடுத்த முறை அதே இடத்தில் அது இருக்கும். நம் வீட்டில் நீளமான அட்டைப் பெட்டியை ஒரு பக்கம் வெட்டித் திறந்து, உள்ளே கறுப்புத் துணி ஒட்டி, மேலிருந்து எலாஸ்டிக் நாடாவில் சிவப்புக் கரண்டி, மஞ்சள் மூடி, கொலுசு, சாவிக்கொத்து என நான்கைந்து பொருள்களைத் தொங்கவிடலாம். வாயில் போட்டு விழுங்கக்கூடிய மணிகள் கூடாது. நாடா கழுத்தில் சுற்றிக்கொள்ளாத நீளத்தில் இருக்க வேண்டும். பெரியவர் ஒருவர் அருகில் இருக்க வேண்டும். குழந்தையின் கையைப் பிடித்து இழுத்துப் பொருளின் மேல் வைக்காதீர்கள். பொருளை அதன் கைக்கு அருகே கொண்டுபோய் லேசாகத் தொடுங்கள். மீதியைக் குழந்தை செய்யட்டும்.

சாப்பாடு, குளியல், வாசல்

பயிற்சிப் பொருள் வாங்க வசதியில்லை என்று வருந்தும் வீடுகளில்கூட, பயிற்சி அன்றாடம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. அதைக் கொஞ்சம் திருத்தி அமைத்தால் போதும். எவர்சில்வர் தட்டில் இட்லி வைத்தால், தட்டின் பளபளப்பில் இட்லி காணாமல் போகும். கருநீலத் தட்டிலோ வாழையிலையிலோ வைத்தால் குழந்தை கையை நேராக அதன் மேல் வைக்கும். நம் பக்கத்துக் கேழ்வரகுக் களி கறுத்திருப்பதால் அதற்கு வெள்ளைத் தட்டு. பாலுக்கும் மோருக்கும் கருநிற டம்ளர். சோற்றை உருட்டி வாயில் திணிக்காமல், ஒவ்வொரு வாய்க்கும் முன்பு உருண்டையைப் பார்வைக்குக் காட்டி, காத்திருந்து, வாயைத் திறந்த பிறகு ஊட்ட வேண்டும்.

குளிக்கும்போது எப்போதும் அதே சிவப்புக் குவளை. அதைக் காட்டிவிட்டு நீர் ஊற்றினால், சில வாரங்களில் குவளையைக் கண்டதும் குழந்தை உடலைச் சிலிர்த்துக்கொள்ளும். பழகிய பொருளை அடையாளம் காணும் படிக்கு அது வந்துவிட்டது என்று பொருள். உடுத்தும்போது சட்டையைத் தலைக்கு மேல் திடீரென்று போடாமல், முதலில் முன்னால் பிடித்துக் காட்டுங்கள்.

சாணம் தெளித்துக் கருத்த வாசலில் இழுத்த வெள்ளைக் கோலத்தைவிட நல்ல கோட்டுப் பயிற்சி எந்தக் கடையிலும் கிடைக்காது. பாட்டி கோலம் போடும்போது இரண்டு மூன்று வயதுக் குழந்தையை அருகில் உட்கார வைத்து, தடித்த ஒற்றைக் கோட்டை விரலால் தொடர்ந்து போகச் செய்யலாம். பிறகு இரண்டு புள்ளிகளை இணைக்கச் சொல்லலாம். சிமென்ட் தரையாக இருந்தால் கரும்பலகைப் பெயிண்ட் அடித்த ஒரு பலகை போதும். படிக்கட்டுகளின் விளிம்பில் இரண்டு அங்குல அகலத்தில் மஞ்சள் பெயிண்ட் அடித்தால், நடக்கக் கற்கும் குழந்தை படியைத் தானே கண்டு நின்று இறங்கும்.

வெளியே அழைத்துச் செல்லும்போது ஒரு நேரத்தில் ஒன்றைக் காட்டுவது நல்லது. வேலூர் நேதாஜி மார்க்கெட்டின் நெரிசலில் இக்குழந்தைகளுக்கு எதுவும் தெரியாது, பயம்தான் வரும். காலை நேரத்தில் கோட்டை மதிலுக்கு அருகே அழைத்துச் சென்று, கல்லைத் தொடச் செய்து, மதில் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று காட்டலாம். அகழி நீரின் மினுமினுப்பைக் கைப்பிடித்து நின்று பார்க்கச் செய்யலாம்.

கண் நன்றாக இருந்தும் பார்க்காத குழந்தை

"பிறந்ததும் அழவில்லை" என்று தாய் சொல்லத் தொடங்கினாலே, மூளைசார் பார்வைக் குறைபாட்டை நினைக்க வேண்டும். பிறப்பின்போது மூளைக்கு உயிர்வளி குறைந்ததாலோ, பிறந்த சில நாட்களில் இரத்தச் சர்க்கரை மிகவும் இறங்கியதாலோ, பார்வையைக் கையாளும் மூளைப் பகுதி பாதிக்கப்படுகிறது. கண் பரிசோதனையில் பெரும்பாலும் எல்லாம் சரியாகவே இருக்கும், குழந்தை பார்க்காது. சில சமயம் நன்றாகப் பார்க்கும், அடுத்த மணி நேரமே பார்க்காது. இந்த ஏற்ற இறக்கத்தைக் கண்டு "வேண்டுமென்றே செய்கிறான்" என்று சொல்வது பெரிய அநியாயம். களைப்பு, சத்தம், வலிப்பு, மருந்தின் மயக்கம் ஆகிய ஒவ்வொன்றும் இக்குழந்தையின் பார்வையை அந்த நேரத்துக்கு அணைத்துவிடும்.

இவர்களிடம் சில தன்மைகள் திரும்பத் திரும்பக் காணப்படும். ஒரே நிறத்தை, பெரும்பாலும் சிவப்பையோ மஞ்சளையோ நாடுவார்கள். அசையும் பொருளே முதலில் கண்ணில் படும். ஒரு பக்கம் மட்டும் நன்றாகத் தெரியும். பொருளைப் பார்த்துவிட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, பிறகு கையை நீட்டி எடுப்பார்கள். பார்ப்பதையும் எடுப்பதையும் ஒரே நேரத்தில் செய்வது அவர்களுக்குக் கடினம். புதிய பொருளைவிடப் பழகிய பொருளே தெரியும். ஆகவே கடைப் பொம்மைகளைக் குவிக்காமல், ஒரே நிறமுள்ள ஒரே பொருளை, சிவப்புப் பஞ்சுப் பந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். கறுப்புத் துணிக்கு முன்னால், நல்ல பக்கத்தில், சத்தமில்லாத அறையில், மெதுவாக அசைத்துக் காட்டி, பல வாரங்கள் தொடர வேண்டும். அது நிலைத்த பிறகே இரண்டாவது நிறம், இரண்டாவது பொருள், சற்றே கூடிய தூரம் என்று ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டால் கட்டாயப்படுத்தாமல் கைக்குக் காத்திருங்கள். முறையாகத் தொடர்ந்தால் பார்வை நன்கு முன்னேறக்கூடியவர்கள் இக்குழந்தைகள்தாம் என்பதால், இவர்களை முதலில் கைவிட்டுவிடுவது எனக்குத் தாங்க முடியாத வருத்தத்தைத் தருகிறது.

அங்கன்வாடியும் பள்ளியும்

மூன்று வயதில் அங்கன்வாடிக்கு அனுப்பும்போது, நோட்டில் எழுதியதிலிருந்து பணியாளருக்கு நான்கே வரிகளில் சொல்லுங்கள்: எந்தப் பக்கம் உட்கார வேண்டும், எவ்வளவு தூரம் தெரியும், வெளிச்சம் எப்படி வேண்டும், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும். சன்னலுக்கு முதுகு காட்டி உட்கார வைக்க வேண்டும். படங்களில் வெளிக்கோடு தடித்ததாகவும், பக்கத்துக்கு ஒரு படமாகவும் இருக்க வேண்டும். முதலில் உண்மையான கத்தரிக்காயைக் கையில் கொடுத்து, பிறகுதான் கத்தரிக்காய்ப் படம். எழுதத் தொடங்கும்போது கரும்பலகையில் வெள்ளைச் சாக்கட்டி, அல்லது வெள்ளைத் தாளில் கறுப்பு ஸ்கெட்ச் பேனா. பென்சில் எழுத்து இவர்களுக்குத் தெரியாது. சாய்வுப் பலகை வைத்தால் குனிந்து குனிந்து முதுகு வலிப்பது தவிர்க்கப்படும். உருப்பெருக்கிக் கருவிகள் தேவையா என்பதைக் கண் மருத்துவமனையின் குறைபார்வைப் பிரிவில் கேட்டுக்கொள்ள வேண்டும். பார்வை மேலும் குறையக்கூடிய நோய் என்றால், பார்வை இருக்கும்போதே, விரலால் தொட்டுப் படிக்கும் பிரெய்ல் எழுத்தையும் சேர்த்துக் கற்கலாம். ஒன்றைக் கற்பது மற்றொன்றைத் தோற்கடிப்பது ஆகாது.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வாங்கத் தயங்கும் பெற்றோர் பலர். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறைபார்வையைத் தனி வகையாகவே குறிப்பிடுகிறது: கண்ணாடி போட்ட பிறகும், நல்ல கண்ணின் கூர்மை 6/18க்கு (மற்றவர் 18 மீட்டரிலிருந்து காண்பதை 6 மீட்டரிலிருந்துதான் காண முடிவது) மிகாமல் 3/60 வரை இருப்பது, அல்லது பார்வைப் பரப்பு 40 பாகைக்குக் குறைந்து 10 பாகை வரை இருப்பது. முழுப் பார்வையின்மை இருந்தால்தான் சான்றிதழ் கிடைக்கும் என்று எண்ணுவது தவறு. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமையை அதே சட்டம் தருகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது, 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததை நினைவில் கொள்ள வேண்டும். ஆற்காட்டுக்காரர் இராணிப்பேட்டைக்கும் ஆம்பூர், வாணியம்பாடிக்காரர் திருப்பத்தூருக்கும் செல்ல வேண்டும். பழைய நினைவில் வேலூருக்கு வந்து ஒரு நாள் கூலியை இழந்து திரும்பியவர்கள் உண்டு. பார்வைக் குறையோடு வேறு குறைகளும் சேர்ந்திருந்தால், சென்னை முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்தில் வழிகாட்டல் பெறலாம்.

குழந்தை வளர வளரக் கண்ணின் அளவும் கண்ணாடியின் அளவும் மாறும். ஆகவே மருத்துவர் சொன்ன இடைவெளியில் மறுபரிசோதனைக்குப் போக வேண்டும். போகும்போது அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். புதிய இடத்தில், அழுதுகொண்டு, பசியோடு இருக்கும் குழந்தை மருத்துவமனையில் எதையும் பார்த்துக் காட்டாது. வீட்டு வாசலில் அது ஆரஞ்சுக் குடத்தை எவ்வளவு தூரத்திலிருந்து, எத்தனை நொடியில் கண்டுகொண்டது என்பது அந்த நோட்டில்தான் தேதியோடு இருக்கும்.